பேசக் கூடாத பெட்டி: மரியதாஸ் அண்ணன் நினைவாக

செய்தி எனக்கு மீன் கடையில் வந்தது. பாரிட் புந்தார் பாசாரில் ஒரு கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற செர்டாங்காரப் பெண், "அக்கா, உங்களுக்கு ஆளு சொல்லலியா? ஸ்பீக்கர் மரியதாஸ் காலையில போயிட்டாராம் லா," என்றாள். நான் அவள் பக்கம் திரும்பிய நேரத்தில் மீன்காரர் என் கையிலிருந்த மீனை வாங்கி எடை போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, மீனைக் கழுவி உப்புப் போட்டு வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் மகன் ஜோசப் என்னைத் தேடி வந்தான். "அத்தை, செர்டாங்குல ஸ்பீக்கர் கடை திறந்த பொறவு உள்ள அப்பாவத்தான் எங்களுக்குத் தெரியும். அதுக்கு முந்தி உள்ளத நீங்கதான் எழுதணும்," என்றான். நல்லதாக நாலு வார்த்தை என்றும் சேர்த்துக்கொண்டான். நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது. மரியதாஸ் அண்ணன் பிடிவாதக்காரர். மீசைக்கு எண்ணெய் தடவாமல் வாசல் தாண்ட மாட்டார். வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருடைய கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்த பிறகுதான் அவருடைய ஒலிபெருக்கி பாட ஆரம்பித்திருக்கும். அதற்காக அவரைத் திட்டிய வாய்களே அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டன.

அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது ஜப்பான்காரன் காலத்தின் தொடக்கத்தில். அதற்கு முன் பட்டணத்துச் சினிமா கொட்டகையில் படம் ஓட்டுகிறவரிடம் உதவியாளராக இருந்தார். அங்கே சத்தம் வரும் மெஷின் அவர் பொறுப்பு. கொட்டகை மூடியதும், பட்டணத்தில் பட்டினி கிடப்பதைவிடத் தோட்டத்தில் மரவள்ளி தின்னலாம் என்று அக்காள் வீட்டுக்கு வந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தங்கினார். இயந்திரம் தெரிந்த ஆள் என்பதால் ரப்பர் ஸ்டோரில் என்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸர். ஒரு பெண் மேடையில் பாடலாமா என்று லயமே வாய் வலிக்கப் பேசிய காலத்தில் என்னைப் பாட விட்டவர் அப்பா. நான் பாடுவேன், அப்பா ஆர்மோனியம் வாசிப்பார். தோட்டத்து விசேஷங்களுக்கு அதுதான் கச்சேரி.

அந்த ஆர்மோனியம் போன கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எல்லா ரேடியோவையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஜப்பானியர் உத்தரவு போட்டார்கள். உத்தரவு மலாயில் எங்கள் ஆபீசுக்கு வந்தது. ஆபீஸ் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் கதிரவேலு. நல்ல மனிதர், பயந்த சுபாவம். அவர் அதைத் தமிழாக்கித் தண்டலிடம் கொடுக்க, தண்டல் தப்பு அடித்து லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார்: "வீட்டுல பாட்டுப்பெட்டி வச்சிருக்கவங்க எல்லாம் ஆபீசுல கொண்டாந்து ஒப்படைக்கணும். இல்லாட்டித் தலை போயிரும்."

தலை போகும் என்றால் யார்தான் யோசிப்பார்கள்? ஆபீஸ் வாசலில் கிராமபோன்கள் வந்தன. பஜனைக்காரர்களின் ஆர்மோனியம் வந்தது, எங்களுடையதும் போனது. ஒரு பெரியவர் தன் மனைவி சீர் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். அதன் மணிப்பூட்டில் சாவியைத் திருப்பினால் கிணிங் கிணிங் என்று பாடும். ரேடியோ மட்டும் ஒன்றுகூட வரவில்லை, லயத்தில் யாரிடம் இருந்தது வருவதற்கு? அப்பா கிராணியிடம் போய்க் கேட்டார். "டிரஸர், நான் என்ன செய்ய?" என்றார் கிராணி. "ஓடர்ல பெத்தி ரேடியோ எண்டு கிடக்கு. ரேடியோ எண்டா இந்தச் சனத்துக்கு விளங்குமோ? அதுதான் பாட்டுப்பெட்டி எண்டு சொல்லுவிச்சனான். இப்ப திருப்பிக் குடுத்தா, ஏன் முதல்ல வாங்கினனீ எண்டு அவங்கள் கேப்பாங்கள்." ஆர்மோனியம் ஆபீசுக்குப் பின்னால் கிடங்கில் கிடந்து கரையானுக்குப் போனது. மலாயில் பெட்டிக்குப் பெயர் பெத்தி. நம்மிடமிருந்து போன சொல்தான். போன இடத்தில் சும்மா இருக்காமல் திரும்பி வந்து எங்கள் ஆர்மோனியத்தைத் தின்றது.

ஆர்மோனியம் இல்லாமல் நான் கச்சேரியில் சுருதி தேடித் தவித்த நாட்களில்தான் மரியதாஸ் அண்ணன் தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு பொருளை மாற்றி வாங்கிவந்தார். ஓடிப்போன துரையின் பங்களாச் சமையல்காரர் அதை அடுப்படியில் வைத்திருந்தார். மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தந்தியை வழித்து வாசிக்கிற ஹவாய் கிட்டார் ஒன்று. அதோடு சேர்ந்த துணி ஒட்டிய மரப்பெட்டி ஒன்று. கிட்டாரைத் தனியாக மீட்டினால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். ஒரு வயரால் அதைப் பெட்டியோடு இணைத்தால்தான் சத்தம். பெட்டியின் முன்னால் ஒலிபெருக்கி, முதுகுப்பக்கம் திறந்திருக்கும், உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவந்து எரியும். அமெரிக்கச் சாமான். அதன் மின்சாரம் வேறு, நம்முடையது வேறு என்பதால் நடுவில் வைக்க ஒரு டிரான்ஸ்பார்மரையும் துரை வாங்கி வைத்திருந்தார். மகராசன், அதை விட்டுவிட்டு ஓடினார்.

"இதுவும் பாட்டுப்பெட்டிதானே, ஒப்படைக்க வேண்டாமா?" என்று நான் பயந்து கேட்டேன். "பாட்டுப்பெட்டின்னா அது பாடணும், பாப்பா. இது பாடாது. நாம பாடுனாத்தான் இது கத்தும்," என்றார். அது சரியான பதில் என்று அன்றைக்குத் தோன்றியது.

அவர் சொன்னபடி அது கத்தத்தான் செய்தது. ஸ்டோரில் என்ஜினை ஓட்டி முதல் தடவை மின்சாரம் கொடுத்ததும் உர்ர் என்று ஓர் உறுமல். கிட்டார் சத்தம் அதற்குள் எங்கேயோ கிடந்தது. அண்ணன் உடனே என்ஜின்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லி, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். உறுமலும் கூடவே ஏறி இறங்கியது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று மீசையைத் தடவினார். பிறகு அந்த என்ஜினோடு அவர் மல்லுக்கட்டியதெல்லாம் வீண். என்ஜின் மேல் குற்றமில்லை. கோபம் தணிந்த பிறகுதான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தார்.

அவர் தேடுகிற முறை இது. கிட்டாரைப் பிடுங்கினார், உறுமல் நிற்கவில்லை. கிட்டார்ப் பக்கத்து முதல் வால்வைக் கழற்றினார், நிற்கவில்லை. அடுத்ததையும் கழற்றினார், அப்போதும் நிற்கவில்லை. அப்படியானால் பாட்டு வருகிற வழியில் கோளாறு இல்லை, மின்சாரம் வருகிற வழியில்தான் என்று முடிவு செய்தார். மின்சாரத்தை வடிகட்டுகிற மெழுகு உருளை ஒன்று உள்ளே காய்ந்து போயிருந்தது. சினிமா கொட்டகையில் உடைந்து கிடந்த மெஷினிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டார், உறுமல் அடங்கியது. அவர் பெட்டியின் முதுகுப்பக்கம் உட்கார்ந்து வேலை செய்வதால் முன்னால் நின்று கேட்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அது நான். அவர் எதையாவது தொட்டுவிட்டு "இருக்கா?" என்பார். நான் "இருக்கு" அல்லது "இல்ல" என்று மட்டும் சொல்ல வேண்டும். "கொஞ்சம் இருக்கு" என்றால் கோபம் வந்துவிடும். "கொஞ்சம்னு ஒண்ணு கெடையாது. எங்க தொட்டா நிக்குதுன்னு தெரியணும், அவ்வளவுதான்," என்பார்.

உறுமல் போனதும் படபடவென்று பொரிகிற சத்தம் வந்தது. வால்வின் கால்களில் கறுப்புப் பிடித்திருந்தது, அவற்றைத் தேங்காய் நாரால் தேய்த்தார். அதுவும் போனதும், பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தால் பெட்டி டங் டங் என்றது. வால்வுகளை ஒவ்வொன்றாக மரக்கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்து, எது அதிர்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு அவர் செய்த வைத்தியத்தை ரப்பர்த் தோட்டத்து ஆள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மரத்து வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைத் திரட்டி வளையம் செய்து வால்வுக்கு அடியில் மெத்தை போட்டார். அதிர்வு நின்றது. ஆனால் முதல் கச்சேரியில் மூன்றாம் பாட்டுக்குள் வால்வு சூடேறி, வளையம் உருகி, கூட்டம் முழுக்க ரப்பர்ப் புகைக் கொட்டகை நாற்றம். சாமி பாட்டைக் கேட்டுக்கொண்டே சனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

இப்படியாகப் பெட்டி எங்கள் கச்சேரியில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் எங்களுக்கு அரிசி இல்லை, உடுத்த நல்ல துணி இல்லை. சயாமுக்கு ரயில் பாதை போட என்று லாரி லாரியாக ஆண்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் அன்றைக்கு லயத்தில் சண்டை குறைவாக இருக்கும் என்று அப்பா சொல்வார். அது உண்மைதான்.

புதிதாக ஒரு ஜப்பானிய மேனேஜர் தோட்டத்துக்கு வந்தார். அவருக்கு வரவேற்பு. அவரோடு வாள் கட்டிய ஓர் ஆபீசரும் சில சிப்பாய்களும் வருவார்கள் என்று கிராணி சொன்னார். ஸ்டோருக்கு முன்னால் மேடை கட்டினோம். விருந்தாளிகளுக்கு எதிரே பெரிய பெட்டியை வைத்து மறைக்கக் கூடாது, ஓரமாக வை என்று உத்தரவு. அப்படி வைத்தால் கிட்டாரின் வயர் எட்டவில்லை. அந்த வயர் சாதாரணமானதல்ல, மேலே செம்புப் பின்னல் போர்த்தியது. அது மாதிரி இன்னொன்று கிடைக்காது. அண்ணன் பங்களாவின் அழைப்பு மணி வயரைப் பிடுங்கி, நடுவில் கொடுத்து நீளமாக்கினார். பற்ற வைக்க ஈயம் இல்லை. வெறுமனே முறுக்கி, மேலே காய்ந்த ரப்பர்த் தாளைச் சுற்றிக் கட்டினார். சில நாட்கள் அந்த வயர் ஸ்டோரில், பால் உறைய வைக்கிற ஆசிட் சாடிக்குப் பக்கத்திலேயே தொங்கியது. ஒத்திகையில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒத்திகையில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

பொழுது சாயும் நேரத்தில் நிகழ்ச்சி. முதல் பாட்டு நன்றாகவே அமைந்தது. பாட்டு முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஆபீசர் தட்டிய பிறகுதான் தட்ட வேண்டும் என்று கிராணி எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஆபீசர் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அமைதியில் பெட்டி பேசியது.

சன்னமான ஆண் குரல். ஜப்பானிய மொழி. நிறுத்தி நிறுத்திச் செய்தி வாசிக்கிற தோரணை. பின்வரிசையில் வேலை மேற்பார்க்கும் ஒரு மண்டோர், "பெட்டி ஜப்பான் பாஷ பேசுது பாத்தியா," என்று பெருமையாகச் சொன்னது என் காதில் விழுந்தது. வரவேற்புக்காக நாங்கள் செய்த ஏற்பாடு என்று நினைத்துச் சிலர் கையும் தட்டினார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ரேடியோ வைத்திருப்பது என்ன குற்றம் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கூரைக்குள் ரேடியோ வைத்திருந்தார். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமலே கடைசிவரை இருந்தார்.

ஆபீசர் எழுந்தார். ஒரு சிப்பாய் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்து, எரிகிற வால்வுகளைக் கைகாட்டி ஏதோ கத்தினான். துபாஷியாக வந்தவர் தைவான்காரர், மலாய் பேசுவார். அவர் கிராணியிடம், "பெத்தி ஆப்பா இனி?" என்று கேட்டார். இது என்ன பெட்டி என்பது கேள்வி. எதையாவது சொல்ல வேண்டுமே என்று கிராணி வாயில் வந்ததைச் சொன்னார்: "பெத்தி ஞாஞி, துவான்." பாடும் பெட்டி.

நாக்கில் சனி என்பது இதுதான். ஆர்மோனியங்களையும் டிரங்குப் பெட்டியையும் வாங்கி வைத்தபோது, அவை என்ன என்று கேட்ட இதே துபாஷியிடம் கிராணி இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார். இந்தத் தோட்டத்தில் பாடும் பெட்டி என்றால் ஒப்படைத்திருக்க வேண்டிய பெட்டி என்று துபாஷிக்குப் பதிந்திருந்தது. அவர் ஆபீசரிடம் அப்படியே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு சிப்பாய்கள் மேடை ஏறி மரியதாஸ் அண்ணனின் தோளைப் பிடித்தார்கள்.

"கிராணி ஐயா," என்றார் அண்ணன். "இது ரேடியோ இல்லன்னு சொல்லுங்க. எங்கயோ தப்பு இருக்கு. பிரிச்சுக் காட்றேன்னு சொல்லுங்க."

"பேசாம நில்லும் ஐசே. நான் பிள்ளையள் பெத்தவன்," என்றார் கிராணி. ஆனாலும் சொன்னார். வேர்த்து விறுவிறுக்க, கை கூப்பியபடி துபாஷியிடம் சொன்னார். அந்த மனிதரைப் பயந்தாங்கொள்ளி என்று பிறகு பலரும் கேலி செய்தார்கள். பயந்துகொண்டே சொன்னார் என்பதுதான் எனக்கு நினைவில் இருக்கிறது.

ஆபீசர் தலையசைத்தார். சிப்பாய்கள் தோளை விட்டார்கள், பக்கத்திலேயே நின்றார்கள். அண்ணன் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். பிறகு என்னைப் பார்த்து, ஸ்டோரில் கேட்பது மாதிரியே, "பாப்பா, சொல்லு," என்றார். அவர் செய்ய வேண்டியது மேடையில் எல்லோர் முன்னாலும், கழுத்தைப் பணயம் வைத்து. நான் செய்ய வேண்டியது வழக்கம்போல ஒரே ஒரு சொல். பெட்டியின் முன்னால் போய் நின்றேன்.

பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினார். "இருக்கா?"

"இல்ல, அண்ணே."

பெட்டி குற்றமற்றது என்று நான் மூச்சு விட்டேன். ஆபீசருக்கு அது வேறு மாதிரி விளங்கியது. அப்படியானால் ரேடியோ கிட்டாருக்குள் இருக்கிறது. ஒரு சிப்பாய் கிட்டாரை எடுத்து மேடைக் கம்பத்தில் அடித்தான். அது உள்ளே கூடில்லாத கட்டை, இரண்டாகப் பிளந்தபோது வெறும் மரம்தான் தெரிந்தது. அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார். வயரைத் திரும்பப் பெட்டியில் செருகினார், மறுமுனையில் கிட்டார் இல்லை.

"இருக்கா?"

பேச்சு மறுபடியும் தெளிவாக வந்தது. "இருக்கு," என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவரை நானே காட்டிக்கொடுப்பது மாதிரி இருந்தது. அவர் அதட்டினார்: "இருக்கா இல்லியா?"

"இருக்கு."

பெட்டியுமில்லை, கிட்டாருமில்லை. மிச்சம் வயர்தான். அதைக் கையால் வருடிக்கொண்டே போனார். தன் முறுக்கு இருந்த இடத்துக்கு வந்ததும் அழுத்தினார். பேச்சு நின்றது. விட்டார், வந்தது. மேலே சுற்றிய ரப்பர்த் தாளைக் கிழித்தார். ஆசிட் புகையில் செம்புக் கம்பி பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தது. பழைய காலத்து ரேடியோக்களில் ஒரு கல்லையும் ஒரு கம்பியையும் தொடவைத்தே காற்றில் வருகிற பேச்சைப் பிடித்தார்கள் என்று பிறகு எனக்கு விளக்கினார். அந்தப் பச்சை பூத்த முறுக்கு அந்தக் கல்லின் வேலையைச் செய்தது, நீளமான மணி வயர் ஏரியல் ஆனது, பினாங்கு நிலையத்தின் செய்தியைப் பெட்டி பெரிதாக்கிக் கொடுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகி, அந்தக் குரங்கு ஜப்பானிய மொழியும் பேசியது.

கோளாறைக் கண்டுபிடித்ததும் அவர் சிரித்தார். வாள் கட்டியவன் முன்னால் குந்திக்கொண்டு, கண்டுபிடித்த சந்தோஷத்தில் வாய் நிறையச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் சொல்வேன். உயிர் போகிற இடத்தில் என்ன சிரிப்பு?

அதோடு நிற்காமல், முறுக்கைப் பிரித்து, இரண்டு முனைகளையும் ஆபீசரிடம் நீட்டி, நீங்களே தொடவைத்துப் பாருங்கள் என்று சைகை செய்தார். ஆபீசர் வாங்கினார். முனைகளைத் தொடவைத்தார். மனித உடம்பும் ஏரியலாகும் போலிருக்கிறது, பேச்சு முன்னைவிட உரக்க வந்தது. சரியாக அந்த நேரத்தில் செய்தி வாசிக்கிறவர் தங்கள் சக்கரவர்த்தியின் பெயரை மரியாதையோடு சொன்னார். அதைக் கேட்டால் ஜப்பானியர் விறைத்து நிற்க வேண்டும். ஆபீசர் விறைத்து நின்றார். மேனேஜரும் சிப்பாய்களும் விறைத்தார்கள். கிராணி குனிந்தார், அவரைப் பார்த்துத் தோட்டமே குனிந்தது. கையில் இரண்டு வயர் முனைகளோடு, விட முடியாமல், அந்த வாசகம் முடியும்வரை ஆபீசர் அப்படியே நின்றார். கூட்டத்தில் எங்கேயோ ஒரு குழந்தை சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

வாசகம் முடிந்தது. ஆபீசர் வயரைக் கீழே போட்டார். வாளை உருவி அதை வெட்டினார், அந்த முறுக்கு இருந்த துண்டைச் சிப்பாயிடம் கொடுத்தார். பெட்டியைத் தொடவில்லை. பிறகு அண்ணனை எழுப்பி நிறுத்தி, இடது கன்னத்தில் அறைந்தார். விழுந்தவரை மறுபடி எழுப்பி அதே இடத்தில் அறைந்தார். துபாஷி கிராணியிடம் சொன்னதைக் கிராணி எங்களிடம் சொன்னார்: "பாடச் சொல்லுகினம். பாடு பிள்ளை." சுருதிக்கு எதுவும் இல்லாமல் நான் பாடினேன். அண்ணன் மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. அப்பா கீழே இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காது திரும்பவில்லை. செவிப்பறை கிழிந்து, சீழ் வைத்து, கடைசியில் கேட்பதே நின்றுவிட்டது. நான் அழுதபோது அவர் சொன்னது இதுதான்: "அடிச்சது நல்லதாப் போச்சு, பாப்பா. அவனுங்க அடிச்சா அதோட முடிஞ்சது. அடிக்காம எறங்கிப் போயிருந்தாத்தான் லாரி வந்திருக்கும்." இன்னொன்றும் சொன்னார், அதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை: "என் முறுக்கு சரியில்ல. அதுக்கு விழுந்த அடி." ஒரு மோசமான முறுக்குக்கு எந்த மனிதனும் காதைக் கொடுக்க வேண்டியதில்லை. இதை அவரிடமே பலமுறை சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். "ஈயம் இல்லன்னா ஈயம் கெடைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்," என்று அவர் முடித்துவிடுவார். செர்டாங் கடையில் அவர் வாழ்நாள் முழுக்க ஒரு கம்பியையும் பற்ற வைக்காமல் விட்டதில்லை. கல்யாணங்களுக்கு அவர் ஏன் தாமதமாக வந்தார் என்று இப்போது தெரிகிறதா? மாப்பிள்ளை காத்திருப்பார், இவர் கடையில் உட்கார்ந்து ஈயம் உருக்கிக்கொண்டிருப்பார்.

அவர் கடையில் வேலை செய்தவர்கள் அவருடைய ஒரு வாசகத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள்: "சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேக்காத. எங்க தொட்டா நிக்குதுன்னு பாரு." அதைத் தத்துவமாக நினைத்தார்கள். பின்பாதிதான் ஜப்பான்காரன் காலத்தில் அவர் சொன்னது. முன்பாதி பிறகு வந்து சேர்ந்தது. ஒரு காது மட்டும் உள்ளவருக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. ரோட்டில் பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுவார். வணக்கம் சொன்னால் பதில் சொல்லாமல் போகிறார், தலைக்கனம் பிடித்தவர் என்று உங்களில் சிலர் என்னிடமே குறைப்பட்டதுண்டு. நீங்கள் இடப்பக்கம் நின்று வணக்கம் சொல்லியிருப்பீர்கள். பேசும்போது மோவாயை இடது தோள் பக்கம் திருப்பிக்கொண்டு அலட்சியமாகப் பார்க்கிறார் என்றீர்களே, அது அலட்சியமில்லை. உங்களுக்கு வலது காதைக் கொடுத்தார். காதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாதே என்று என்னிடம் சொன்னதுமில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

அடக்கத்தன்று செர்டாங் வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவருக்கு இடப்பக்கம் நாற்காலிகள் போட்டு, காற்றாடியும் வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் அங்கே உட்கார்ந்து ஜெபம் சொன்னார்கள். மறுபக்கம் சுவரோரம், நெருக்கம், புழுக்கம். ஜோசப் என் கையைப் பிடித்து, "அத்தை, வேர்க்குது பாருங்க, காத்தாடிப் பக்கம் வாங்க," என்றான். நான் போகவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, என்ன பாடவேண்டும் என்று தோன்றியதோ அதை மெதுவாகப் பாடினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பக்கம் பார்த்து உட்காருகிற இந்தப் பழக்கம்தான். அவன் மறுபடியும் கூப்பிட்டபோது, "நீ போப்பா, அந்தப் பக்கம் இருந்து பாடுனா அவருக்குக் கேக்காது," என்றேன்.